அப்பாவைப் பற்றி இருபத்திரண்டு கேள்விகள்

எடிதா மதராங்கை நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் ஒரு மெத்தை விரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கனடாவின் வின்னிபெக்கில் முதியோர் இல்லம் ஒன்றின் சலவை அறை அது. எனக்கு வேலையில் முதல் நாள். நான்கு மூலையிலும் எலாஸ்டிக் வைத்துத் தைத்த விரிப்பை மடிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. சுருட்டி அலமாரிக்குள் திணித்துவிடுவார்கள். அவள் மட்டும் மூலைக்குள் மூலையைச் செருகி, உள்ளங்கையால் நீவி, புத்தகம் மாதிரி மடித்து அடுக்கினாள்.

"இப்படி மடிச்சா யாருக்கு லாபம், மனாங்?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் அக்காவை மனாங் என்போம்.

"மாடியில இத விரிக்கப்போற பொண்ணுக்கு. அவளுக்கும் முதுகு வலிக்கும்ல?"

அன்றிலிருந்து ஐந்து வருஷம் அவளும் நானும் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக நின்று மடித்தோம். நானும் அவளைப்போலவே பிலிப்பைன்ஸின் வடக்குக் கோடி, இலோகோஸ்காரிதான். அவள் ஊர் பஸுக்கின். என் ஊர் அங்கிருந்து இரண்டு மணி நேரம்.

எடிதாவுக்கு இருபத்து மூன்று வயதில் ஹாங்காங்கில் வீட்டுவேலை கிடைத்தது. அடுத்த இருபத்து மூன்று வருஷம் அங்கேயே, மூன்று குடும்பங்களின் சமையலறைகளில் போயிற்று. வளர்த்த பிள்ளைகள் ஐந்து பேர். ஒன்றும் அவளுடையது இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "ஞாயித்துக்கிழமை மட்டும்தான் லீவு. ஞாயித்துக்கிழமைல எவ்வளவுதான் பண்ண முடியும்?" என்று சிரிப்பாள். நாற்பத்தாறாவது வயதில் ஒரு ஒன்றுவிட்ட அக்காள் எழுதிப் போட்டதில் கனடா வந்தாள். தம்பி ரெனாட்டோ படித்து முடித்ததும், ஊர் வீட்டுக்குத் தளம் போட்டதும், அப்பா லுமியின் பூண்டு வயலுக்குக் கிணறு வெட்டியதும் அவள் அனுப்பியதில்தான்.

2015 ஜனவரியில் அவளுடைய அம்மா இறந்துபோனாள். எடிதா போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். பதினாறு நாள் இருந்துவிட்டுத் திரும்பினாள். வந்த முதல் வாரம் சலவை அறையில் பேசவே இல்லை. எட்டாம் நாள் ஒரு துண்டை மடித்தபடி, "நிம்ஃபா, அப்பா எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார்னு எனக்குத் தெரியல. தம்பி பொண்டாட்டிக்குத் தெரியுது" என்றாள்.

மூன்று வருஷம் கழித்து, 2018 பிப்ரவரியில், ஒரு பிளாஸ்டிக் உறையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். குளிர் மைனஸ் முப்பதுக்கும் கீழே போய், கண்ணிமையெல்லாம் பனி ஒட்டியிருந்தது. உறைக்குள் இரண்டு கட்டுக் காகிதம். ஒன்று குடியுரிமைக்கு. இன்னொன்று அப்பாவை இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ள.

"ரெண்டையும் ஒரே நேரத்துலயா மனாங்?"

"ஒண்ணப் பார்த்தா பயமா இருக்கு. ரெண்டுன்னா எதுக்குப் பயப்படறதுன்னு தெரியாம சும்மா இருப்பேன்."

குடியுரிமைப் படிவத்தில், ஐந்து வருஷத்தில் எத்தனை நாள் நாட்டுக்குள் இருந்தாய், எப்போது வெளியே போனாய் என்று எழுத வேண்டும். அவளுக்கு அது சுலபம். அம்மா சாவுக்குப் போனதைத் தவிர எங்கும் போனதில்லை. ஆனாலும் என்னைப் பேனாவைக் கீழே வைக்கவிடாமல் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"மாதா கோயில்காரங்களோட பஸ்ல அமெரிக்கா போனோமே, போர்வை வாங்க. அத எழுதலையே?"

"காலைல போயி ராத்திரி வந்துட்டீங்க. அதெல்லாம் கணக்குல வராது."

"வருதோ வரலையோ, போனேனா இல்லையா? எழுது."

எழுதினேன். அவள் அப்படிப்பட்டவள் என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அப்பாவுக்கான கட்டுதான் பெரிய வேலையாகிவிட்டது. வயதான பெற்றோருக்கு நீண்ட கால விசா வேண்டுமென்றால் ஒரு வருஷ மருத்துவக் காப்பீடு எடுத்துக்காட்ட வேண்டும். குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு. எங்கள் ஆட்களுக்கெல்லாம் காப்பீடு எடுத்துத் தருபவன் ஆர்னெல் என்ற பையன். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலின் கீழ்த்தளத்தில், ரொட்டியும் காபியும் வைக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வியாபாரத்தை முடிப்பான். அவன் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தான். அப்பாவின் உடம்பைப் பற்றி இருபத்திரண்டு கேள்விகள்.

எடிதா முதல் பக்கத்தைப் படித்தாள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"என்ன மனாங்?"

"ஒண்ணுக்குக்கூட எனக்குப் பதில் தெரியல நிம்ஃபா."

அன்று சாயங்காலமே என் சாப்பாட்டு மேசையிலிருந்து ஊருக்கு வீடியோவில் கூப்பிட்டோம். அங்கே திங்கட்கிழமைக் காலை. லுமி அப்பா வயலுக்குப் போகும் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். எழுபத்தொன்பது வயது, ஒட்டிய கன்னம், பெரிய காது. பின்னால் தம்பி மனைவி லோர்னா எதையோ வறுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, கேக்கறதுக்கு உண்மையச் சொல்லணும். கடைசியா எப்போ டாக்டர்கிட்ட போனீங்க?"

"எந்த டாக்டர்? மாட்டு டாக்டரா?"

"உங்களுக்கு அப்பா!"

"எனக்கெதுக்கு டாக்டர்? நான் நல்லாத்தான இருக்கேன்."

"தினமும் மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"இல்ல."

பின்னாலிருந்து லோர்னா திரும்பாமலே சொன்னாள்: "மாமா, நீல டப்பால இருக்கறது என்ன, மிட்டாயா?"

"அது பிரஷருக்கு. அது மாத்திரைல சேராது. எல்லாரும் சாப்பிடறாங்க."

நான் எழுதிக்கொண்டேன். கீழே விழுந்திருக்கிறீர்களா? இல்லை. "போன வருஷம் எருமை இழுத்துட்டுப் போச்சே மாமா." அது விழுந்தது இல்லையாம், எருமைதான் அவசரப்பட்டதாம். மூச்சு வாங்குமா? இல்லை. நெஞ்சு வலி? இல்லை. எடிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். பதினான்காவது கேள்விக்கு வந்தோம்.

"பக்கவாதம் எப்பவாச்சும் வந்திருக்கா?"

"இல்ல" என்றார்.

இந்தமுறை லோர்னா எதுவும் சொல்லவில்லை. வறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அடுப்பை அணைத்த சத்தம்.

எடிதாவின் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

"அப்பா, ரெண்டு கையையும் மேல தூக்குங்க."

"எதுக்கு?"

"ஃபாரத்துல கேட்டிருக்கு. தூக்குங்க."

வலது கையைத் தூக்கினார்.

"இன்னொண்ணு?"

"அதுல வேல இருக்கு."

"என்ன வேல?"

பெரியவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து இடது கையை எடுத்தார். நெஞ்சுவரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. விரல்கள் பாதி மூடியே இருந்தன. அவ்வளவு நேரம் காட்டியதே போதும் என்பதுபோல மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டார்.

"எப்போ அப்பா?"

"அது ஆச்சு... நீ ஹாங்காங்ல இருந்தப்போ. ரெண்டாயிரத்து ஒன்பது."

"ஒன்பது வருஷமா!"

"சின்னதுதான். மூணு வாரத்துல எழுந்து நடந்துட்டேன். உனக்குச் சொன்னா நீ ஓடி வந்திருப்ப. வேல போயிருக்கும். நான்தான் யாரும் சொல்லக் கூடாதுன்னேன். லோர்னாவத் திட்டாத. உங்கம்மா மேலயும் கோவப்படாத, அவ போயிட்டா."

"அம்மா சாவுக்கு வந்தப்போ பக்கத்துலயே பதினாறு நாள் இருந்தேனே அப்பா. நான் பார்க்கலையே."

"பாக்கெட்ல வெச்சுக்கிட்டேன்" என்றார், ஏதோ கெட்டிக்காரத்தனம் செய்தவர்போல. பிறகு அவருக்கே அது சரியாகப் படவில்லை. "பூண்டுக்குத் தண்ணி விடணும். ரெனாட்டோ கூப்பிடறான்" என்று எழுந்துபோய்விட்டார். யாரும் கூப்பிடவில்லை.

நான் டீ போட்டு வைத்தேன். ஆறிப்போனது.

அப்போது நான் சொன்னதை மறைக்கக் கூடாது. என் அம்மா வந்தபோது அவளுக்குச் சர்க்கரை இருப்பதை நான் எழுதவில்லை. ஒன்றும் ஆகவில்லை, ஆறு மாதம் இருந்துவிட்டு நல்லபடியாகத் திரும்பிப் போனாள். அந்தத் தைரியத்தில், "மனாங், பதினாலாவதுக்கு இல்லன்னு போட்டுடலாம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால நடந்தது. ஒரு கிராமத்து ஆஸ்பத்திரி. யாரு போயி தேடப் போறா? உண்மைய எழுதினா தரமாட்டேன்னு சொன்னாலும் சொல்லிடுவாங்க" என்றேன்.

அவள் கேள்வித்தாளை என் பக்கமிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அவரு எனக்குக் காட்டாம ஒளிச்சு வெச்சாரு. இப்ப நானும் சேந்து ஒளிக்கணுமா? இப்பத்தான் நிம்ஃபா எங்கப்பா யாருன்னு எனக்கே தெரிஞ்சிருக்கு. இந்தப் பேப்பர்ல வேற யாரையோ எழுதி அனுப்பச் சொல்றியே."

ஆம் என்ற கட்டத்தில் அவளே குறி போட்டாள். குறி கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது.

முதலில் கேட்ட இடத்தில் முடியாது என்றுவிட்டார்கள். ஆர்னெல் தலையைச் சொறிந்துகொண்டு இரண்டாவது இடத்தில் கேட்டான். அங்கே கூடுதல் சந்தாவுக்குச் சம்மதித்தார்கள். ஆனால் கனடாவுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முந்தைய ஆறு மாதத்தில் மாத்திரையின் அளவு கூடவோ குறையவோ கூடாது, அப்படியானால்தான் பழைய நோய்க்கும் பணம் தருவார்கள் என்றார்கள். லுமி அப்பாவுக்கு ஜனவரியில்தான் அளவை மாற்றியிருந்தார்கள். எடிதா செப்டம்பருக்குத் தேதி வைத்தாள். சனிக்கிழமைகளிலும் வேலைக்கு வர ஆரம்பித்தாள். ஊரில் பெரியவர் அந்த நீல டப்பாவைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார் என்றும், டாக்டரைத் தெருவில் பார்த்தால்கூட அந்தப் பக்கம் திரும்பிப் போகிறார் என்றும் லோர்னா சொன்னாள். எடிதா போனிலேயே கத்தினாள்: "உடம்பு சரியில்லன்னா போயி காட்டுங்கப்பா! வர்றது ஒரு வருஷம் தள்ளிப்போனா போகட்டும்!" ஆனால் காட்டும்படி எதுவும் வரவில்லை. மாத்திரையும் மாறவில்லை.

விமான நிலையத்தில் நானும் இருந்தேன். பெரியவர் யாரோ கொடுத்த தடித்த கோட்டுக்குள் பாதி மறைந்து வந்தார். எங்களில் பெரியவர்களைக் கண்டால் அவர்கள் கையை வாங்கி நெற்றியில் வைத்துக்கொள்வோம். அவர் வலது கையை நீட்டினார். எடிதா அதை விட்டுவிட்டு, கோட்டு ஜேபிக்குள் கையை விட்டு, இடது கையை வெளியே எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். அவர், "ஏய், ஏய், ஆளுங்க பாக்கறாங்க" என்றார். அவள் விடவில்லை.

அதன் பிறகு அவள் அவரைப் பார்த்துக்கொண்ட விதம் இருக்கிறதே! காப்பீட்டு அட்டையை ஒரு துணிப்பையில் போட்டுத் தைத்து அவர் கழுத்தில் மாட்டினாள். குளிக்கும்போது தவிரக் கழற்றக் கூடாது. பனி விழுந்த நாளில் வாசல் தாண்டக் கூடாது. படியில் இறங்கும்போது கைப்பிடி. குளியலறையில் ரப்பர் பாய்.

"கோழிப் பண்ணைல இருந்து முட்டைய அனுப்பினா இப்படித்தான் அனுப்புவாங்க" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "சும்மா கையால தொட்டுத் தொட்டுப் பாக்கறா, உடைஞ்சிருச்சான்னு."

ஆனால் நாளாக ஆக அவரும் பழகிக்கொண்டார். பஸ் பிடித்துப் பேரங்காடிக்குப் போய் எங்கள் ஊர்க் கிழவர்களோடு உட்காரக் கற்றுக்கொண்டார். எடிதாவின் குடியுரிமைத் தேர்வுக்கு அவர்தான் வாத்தியார். சமையல் மேசையில் அதற்கான புத்தகத்தை விரித்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஆங்கிலத்தை எங்கள் ஊர் ராகத்தில் படித்துக் கேள்வி கேட்பார். அவள் சொல்லும் பதில் சரியா என்று அவருக்குத் தெரியாது. "வேகமா சொல்லிட்ட, அப்ப சரிதான்" என்பார். நவம்பரில் இருபதுக்குப் பத்தொன்பது வாங்கினாள். விட்டது எது என்று அவர் ஒரு வாரம் குடைந்தார்.

மார்ச் முதல் வாரம் கடிதம் வந்தது. பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, உறுதிமொழி எடுக்க வர வேண்டும். அதோடு குடியுரிமை அவளுடையது. எடிதா அந்தக் கடிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். ஒன்றை மட்டும் அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. இங்கே உறுதிமொழி எடுத்த நிமிஷமே எங்கள் நாட்டுச் சட்டப்படி அவள் பிலிப்பைன்ஸ் குடிமகள் இல்லை என்று ஆகிவிடும். பிறகு தூதரகத்தில் வேறொரு உறுதிமொழி எடுத்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நாங்களெல்லாம் அப்படித்தான் செய்தோம். "நல்ல நேரம் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதற்குள் பேரங்காடிக் கிழவர் ஒருவர் சொல்லிவிட்டார்.

பெரியவர் அவளிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்.

"திரும்பக் கிடைக்கும் அப்பா" என்றேன்.

"எப்போ?"

"கொஞ்ச நாள் ஆகும்."

"அந்தக் கொஞ்ச நாள் அவ எந்த ஊருக்காரி?"

அவர் இரண்டு நாள் பேரங்காடிக்குப் போகவில்லை. சாப்பிட்டார், தட்டைக் கழுவினார், ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். எடிதா எதைக் கேட்டாலும், "ஒண்ணுமில்ல" என்றார்.

திங்கட்கிழமைக் காலை வழக்கம்போல வேலைக்கு அழைத்துப்போக என் காரை அவள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். எடிதா வரவில்லை. கதவைத் திறந்துகொண்டு பெரியவர் வந்தார், வெறும் காலுறையோடு, பனியில். "நிம்ஃபா! அவ தரைல உக்காந்துட்டா! எழுந்திரிக்க மாட்டேங்கறா!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் சுருண்டு கிடந்தாள். முகம் வெளுத்து, வேர்த்துக் கொட்டியது. அந்த வலியிலும், "அப்பாவுக்கு செருப்பு போடு நிம்ஃபா" என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் இருவரையும் இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்திவிட்டு நான் உள்ளே ஓடினேன். உள்ளே பார்த்தால், பெரியவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் நடுங்குகிறவர், ஒரு கை வேறு மடங்கிய வயசாளி. அவர்தான் நோயாளி என்று நினைத்துவிட்டார்கள். எடிதா பக்கத்து நாற்காலியில் குறுகிக் கிடக்கிறாள். அவர் எங்கள் மொழியில் கத்துகிறார்: "எனக்கில்ல! எனக்கில்ல! என் பொண்ணுக்கு!" நாற்காலியிலிருந்து எழுந்து, அதில் எடிதாவை உட்காரவைக்க ஒரே கையால் இழுத்தார்.

பிறகு கழுத்துப் பையை எடுத்தார். தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து, அட்டையை வெளியே எடுத்து, முகப்பு மேசையில் தட்டி வைத்தார்.

"இத எடுத்துக்கோங்க. ஒரு லட்சம் டாலர் இருக்கு. நான் ஒண்ணுகூடத் தொடல. எல்லாத்தையும் அவளுக்குப் போடுங்க."

மேசையிலிருந்த நர்ஸ் எங்கள் நாட்டுப் பெண், ஆனால் வேறு பக்கத்துக்காரி. அவர் பேசிய எங்கள் பக்கத்து இலோகானோ மொழி அவளுக்குப் பாதிதான் புரிந்திருக்கும், ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. எழுந்து வந்து அந்த அட்டையை இரண்டு கையாலும் எடுத்து அவர் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"அப்பா, உங்க பொண்ணு இங்கத்த ஆளு. அவங்களுக்கு எதுவும் கட்ட வேண்டாம். இத நீங்க பத்திரமா வெச்சுக்கோங்க."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அப்புறம்தான் கீழே உட்கார்ந்தார்.

பித்தப்பையில் கல். மறுநாளே வயிற்றில் நாலு துளை போட்டு எடுத்துவிட்டார்கள். எடிதாவுக்கு விழிப்பு வந்ததும் முதலில் கேட்டது, "அப்பா சாப்பிட்டாரா?" இரண்டாவது, "வியாழக்கிழமைக்குள்ள விட்டுருவாங்களா?" விடவில்லை, லேசாகக் காய்ச்சல் இருந்தது.

புதன்கிழமை மதியம் நான் எடிதா வீட்டுக்குப் போனபோது பெரியவர் அடுப்பில் இஞ்சிக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் பழைய போன், சத்தத்தைக் கூட்டிவைத்து, அதில் ஏதோ சங்கீதம் ஓடிக்கொண்டிருந்தது.

"பாட்டு கேக்கறீங்களா அப்பா?"

"உஷ்! குடியுரிமை ஆபீஸு. ஒண்ணே முக்கால் மணி நேரமா வாசிக்கறாங்க."

கடிதத்திலிருந்த எண்ணை அவரே போட்டிருக்கிறார். சங்கீதம் நின்று ஒரு பெண் குரல் கேட்டதும், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்று, ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஆங்கிலத்தைச் சொன்னார். என் மகள் ஆஸ்பத்திரியில். ஆஸ்பத்திரி கனடாவில். அவள் நாட்டை விட்டு வெளியே போகவில்லை. தயவுசெய்து அவள் நாள்கணக்கைக் குறைக்காதீர்கள்.

பிறகு அந்தப் பெண் மெதுவான குரலில், மகளுடைய விவரத்தை வேறு யாரிடமும் பேசக் கூடாது, ஆனால் பொதுவாகச் சொல்கிறேன், டாக்டர் சீட்டோடு ஒரு கடிதம் அனுப்பினால் வேறு தேதி தருவார்கள் என்றாள். கடைசியில், மகள் சீக்கிரம் குணமாகட்டும் ஐயா என்றும் சொன்னாள். அவருக்குக் கடைசி வாக்கியம்தான் முழுதாகப் புரிந்தது. மற்றதை நான் கேட்டுக் கடிதம் எழுதி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை எடிதா வீடு வந்தாள். அதற்குப் பிறகு மூன்று வாரம், நாங்கள் பார்த்தது தலைகீழ் வீடு. மகளைப் படுக்கவைத்து அப்பா சமைத்தார். உறைந்த முருங்கைக்கீரையைக் கடையில் வாங்கிவந்து, கோழிச்சாறில் போட்டு, எண்ணெய் துளிகூட இல்லாமல் வடித்துக் கொடுத்தார். அவள் எழுந்தால், "படி! கைப்பிடி!" என்று கத்துவார். ஒருநாள் நான் போனபோது அவள் தலைமயிரை ஒரே கையால் சீவ முயன்றுகொண்டிருந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, சிக்கல் இழுத்த இடத்தில் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

நான் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அவர் பேச ஆரம்பித்தார்.

"இருபத்து மூணு வருஷம் ஹாங்காங்ல இருந்தியே. அங்க உன்னச் சேத்துக்கறோம்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"இல்லப்பா. ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் முத்திர குத்திக் குடுப்பாங்க. அவ்வளவுதான்."

"வயித்துல நாலு ஓட்ட போட்டானுங்களே, இவனுங்க காசு கேட்டானுங்களா?"

"கேக்கல."

"அப்ப அவங்களுக்கும் நீ ஏதோ சொந்தம்தான்." சீப்பில் சுற்றிய மயிரை எடுத்து உருட்டினார். "எழுதிக் குடுத்துட்டு வா. ஊரைப் பத்திக் கவலைப்படாத. ஊரு எங்க போயிரப் போகுது."

"நான் சொல்லாம இருந்ததுக்குக் கோவமா அப்பா?"

"ஒன்பது வருஷம் கைய ஒளிச்சவனுக்குக் கோவப்படத் தகுதி இல்ல" என்றார். இருவரும் சிரித்தார்கள். அவள் தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

புதிய தேதி ஜூன் ஆறு என்று வந்தது. அவருக்கு மே கடைசியில் பயணச்சீட்டு; மழை தொடங்குமுன் நாற்றங்கால் போட வேண்டும். ரெனாட்டோவைப் போனில் கூப்பிட்டு, எந்த வயலுக்கு எந்த விதை, வரப்பை எங்கே வெட்ட வேண்டும், யாரிடம் எருமை கேட்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். பிறகு எடிதாவிடம், "சீட்ட மாத்து. நெல்லு வருஷா வருஷம் நடறதுதான்" என்றார்.

ஜூன் ஆறாம் தேதி மண்டபத்தில் அறுபது பேர்போல இருந்தார்கள். பின்வரிசையில் நாங்கள். எல்லோரும் எழுந்து நின்று, மேடையில் இருந்தவர் சொல்லச் சொல்ல உறுதிமொழியைத் திருப்பிச் சொன்னார்கள். முதலில் ஆங்கிலம், பிறகு பிரெஞ்சு. என் பக்கத்தில் முணுமுணுப்பு கேட்டது. பார்த்தால், பெரியவரும் எழுந்து நின்று சேர்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார், பிரெஞ்சையும் விடாமல்.

சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, நீங்க சொல்லக் கூடாது. உங்களுக்கில்ல."

"தெரியும்" என்றார் உதட்டோரமாக. "அவளுக்கு பிரெஞ்சு வராது. கொஞ்சம் துணைக்கு."

அந்த ஜூன் மாதக் கடைசியில் அவர் ஊருக்குப் போனார். பத்து மாதத்தில் காப்பீட்டில் ஒரு தலைவலி மாத்திரைகூட அவர் வாங்கவில்லை. ஆர்னெல் அதை இன்றும் கோயிலில் எல்லோரிடமும் சொல்கிறான்.

அதே வருஷம் டிசம்பரில் எடிதா தன் புதுப் பாஸ்போர்ட்டோடு ஊருக்குப் போனாள். தூதரக வேலை இன்னும் முடிந்திருக்கவில்லை. மணிலாவில் அவளை வெளிநாட்டவர் வரிசையில் நிற்கச் சொன்னார்களாம். இளவயது அதிகாரி ஒருவன் பாஸ்போர்ட்டைப் புரட்டி, பிறந்த இடம் பஸுக்கின் என்று பார்த்துவிட்டு, "பூண்டு நல்லா விளைஞ்சிருக்கா இந்த வருஷம்?" என்று கேட்டுக்கொண்டே ஒரு வருஷத்துக்கு முத்திரை குத்தினானாம். அங்கிருந்து இன்னொரு விமானம். லவாக் நிலையத்தின் வெளிவாசலில் அப்பா நின்றிருந்தார், தம்பியும் லோர்னாவும் பின்னால். இவளைக் கண்டதும் அத்தனை கூட்டத்துக்கும் கேட்கிறமாதிரி கத்தினாராம்:

"ஏய், வழி விடுங்க! கனடாக்காரி வந்துட்டா! இவளுக்குப் புளிச்ச மீனெல்லாம் ஆகாது, கேக்கு வாங்கிட்டு வாங்க!"

"நான் என்ன சொன்னேன் தெரியுமா நிம்ஃபா?" என்றாள் எடிதா போனில். பின்னணியில் சேவல் கூவியது, யாரோ எருமையை அதட்டினார்கள். "மீன் எங்கன்னு கேட்டேன். வீட்டுக்குப் போற வழியிலேயே, வண்டிய நிறுத்தி, வாங்கிக் குடுத்தாரு."